ஒற்றை ஆள், ஒரு கார், இருபது வாசல்

(‘உறவு வாழ்வது கைப்பேசியிலா, வாசற்படியிலா?’ என்ற தலைப்பிலான தொலைக்காட்சி அரங்கில், ‘வாசற்படியிலே’ என்ற அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எதிரணித் தம்பி மிக அழகாகப் பேசினார். கைப்பேசி வந்த பிறகு தூரம் செத்துப் போய்விட்டது என்றார். கைதட்டலும் வாங்கினார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே அவருடைய கைப்பேசி இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் எடுக்காமல் அமுக்கினார். யார் அழைப்பது என்று நடுவர் கேட்டதற்கு, “எங்க அத்தைங்க. அப்புறம் பேசிக்கலாம்” என்றார். இந்த அணியின் வழக்கில் பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது. (சிரிப்பு)

மீதிப் பாதியைச் சொல்வதற்கு ஒரு பெண்மணியை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் பேராக்கில் வேர் உள்ள எந்தக் குடும்பத்தில் தேடினாலும் அவர் சாயலில் ஒருவர் கிடைப்பார். வயது 62. பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஜொகூர் பாருவில் மகன் வீட்டில் இருக்கிறார். பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒருநாள் காலை, சிறிய மைவி காரில் ஒரு பையையும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, “ஒரு வாரம் பேராக் பக்கம் போய், நம்ம சொந்தக்காரங்க எல்லாரையும் பார்த்துட்டு வர்றேன்” என்கிறார்.

வீடே திரண்டு வாசலுக்கு வருகிறது. “ஒத்தையிலயா? எதுக்கும்மா? வீடியோ கால் போட்டா முகம் தெரியுதே!” என்கிறான் மகன். மருமகள், “டோல் காசு, பெட்ரோல் காசு எல்லாம் சேர்த்தா ஒரு பவுன் வாங்கலாம் அத்தை” என்கிறார். கணக்கில் மருமகள் கொஞ்சம் தாராளம். (சிரிப்பு) பேரன் மட்டும், “பாட்டி, வேஸ் போட்டுக்கோங்க” என்கிறான். வீட்டில் உருப்படியான யோசனை சொன்னது அந்தப் பிள்ளை ஒருவன்தான்.

அந்த அம்மா ஏன் போக வேண்டும்? பெருநாள் காலத்தில் இந்த நாட்டின் நெடுஞ்சாலைகளைப் பாருங்கள். பாலேக் கம்போங், பாலேக் கம்போங் என்று கார்கள் எறும்பு வரிசையாக ஊர்கின்றன. மலாய்க்கார அன்பருக்குத் திரும்பிப் போக ஒரு கம்போங் இருக்கிறது. அங்கே தாத்தா கட்டிய பலகை வீடு, வாசலில் ரம்புத்தான் மரம், சற்றுத் தள்ளி முன்னோர் அடங்கிய நிலம், எல்லாம் இருக்கின்றன. தோட்டத்தில் பிறந்த தமிழருக்கு எது கம்போங்? தீபாவளிக்கு அவர் எங்கே திரும்பிப் போவார்?

லயத்து வீடு நிர்வாகத்தின் வீடு. பால் வெட்டும் கை இருக்கும்வரை தலைக்கு மேல் கூரை இருந்தது. கை தளர்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாத்தா வெட்டிய மரத்துக்குப் பக்கத்து நிரையில் அப்பா வெட்டினார். அப்பா உறங்கிய அதே லயத்தில் மகள் பிறந்தாள். மூன்று தலைமுறை வியர்வை விழுந்த அந்த மண்ணில் ஒரு முழத்துக்குக்கூட அவர்கள் பெயரில் பட்டா கிடையாது. கோயில் கட்டினார்கள், கோயில் நிலம் அவர்களுடையதல்ல. செத்தவர்களைப் புதைத்தார்கள், சுடுகாட்டு நிலமும் அவர்களுடையதல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘உறவு’ என்ற சொல்லை இந்த நாட்டுத் தமிழரிடம் பேசவே முடியாது.

இந்தக் கதைக்குப் பேராக்கை விடப் பொருத்தமான மாநிலம் இல்லை. 1877இல் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றில் சிலவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னமும் வேலி கட்டிப் பாதுகாக்கப்படுகிறது. மரத்துக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. மரத்தை வெட்டிய மனிதர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த முறை 1910இல் நின்றது. அதன் பிறகு கங்காணிகள் தங்கள் ஊருக்கே போய், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது நடந்தது. கங்காணி முறையில் கொடுமை உண்டு, கடன் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில் வந்து இறங்கியதால், பேராக்கின் பல தோட்டங்கள் தமிழ்நாட்டுக் கிராமத்தின் ஒரு துண்டு மாதிரியே இருந்தன. எந்த லயத்தைத் தட்டினாலும் ஒரு அத்தை கதவைத் திறப்பார். அங்கே உறவைத் தேடி யாரும் பயணம் போகவில்லை. ஒரு தட்டில் குழம்பை ஊற்றி மூடி எடுத்துக்கொண்டு பத்தடி நடந்தால் போதும்.

அந்தப் பத்தடிதான் இன்று ஐந்நூறு கிலோமீட்டர் ஆகியிருக்கிறது.

ஆனது எப்படி? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். தப்பிய தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பால்மரத்துக்கு விடியற்காலையில் நிரைக்கு ஓர் ஆள் வேண்டும். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பட்டணத்துத் தொழிற்சாலைகள் இளம்பெண்களையும் பையன்களையும் இழுத்துக்கொண்டன. ஒரு குடும்பம் ஈப்போ புந்தோங்குக்குப் போனது, ஒன்று கிள்ளானுக்கு, ஒன்று பினாங்குக்கு, ஒன்று சிங்கப்பூர் வேலைக்காக ஜொகூருக்கு. எட்டு லயத்து மக்கள் எட்டுத் திக்கில்.

ஆகவே அந்த ஆசிரியையின் தோட்டம் இன்று வரைபடத்தில் ஓர் இடமாக இல்லை. அவருடைய கைப்பையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் இருபது முகவரிகளாக இருக்கிறது. அந்த இருபது வாசலையும் யாராவது ஒருவர் தொட்டு வந்தால்தான் அந்த ஊர் ஊராக இருக்கும். இல்லையென்றால் அது ஒரு தொலைபேசிப் பட்டியல், அவ்வளவுதான். (கைதட்டல்)

அம்மையார் புறப்பட்டுவிட்டார். 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனால் கோலாலம்பூரைத் தாண்டி ஈப்போ வரை மளமளவென்று போய்விடலாம். அவர் தஞ்சோங் மாலிமில் இறங்கிப் பழைய சாலையைப் பிடிக்கிறார். பெரிய சாலை தோட்டங்களை அப்படியே கடந்து போய்விடும். பழைய சாலை ஒவ்வொரு பட்டணத்தையும் தொட்டுக்கொண்டு போகும். சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் என்று அந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே, அந்தக் காலத்துப் பேருந்து நடத்துநர் குரல் காதில் விழும். தோட்டத்து முச்சந்திகள் எல்லாம் இந்தச் சாலையில்தான் பிரிகின்றன. முன்பு பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம் இருக்கும். இப்போது பலகை இருக்கிறது. உள்ளே போனால் செம்பனை வரிசை, அதற்கும் உள்ளே ஒரு அம்மன் கோயில்.

சிலிம் ரிவரில் 1942 ஜனவரி 7ஆம் நாள் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் படையை உடைத்துக்கொண்டு போனதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்குப் பின் தோட்டத்து மக்களுக்கு நேர்ந்ததைப் பாடத்தில் அவ்வளவாகப் படித்திருக்க மாட்டீர்கள். ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை. வேலை தருகிறோம் என்று சொல்லியும் வலுக்கட்டாயமாகப் பிடித்தும் தோட்டத்து ஆண்களை ரயிலேற்றிச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது.

அந்தப் பெயர்கள் எங்கே இருக்கின்றன? அப்பா ரயிலேறிப் போனதைக் குழந்தையாக வாசலில் நின்று பார்த்தவர்களின் நினைவில் இருக்கின்றன. அந்தக் குழந்தைகளுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. பீடோரில் ஒரு தாமான் வீட்டின் பின்னறையில் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். காது மந்தம். கைப்பேசியை அவர் காதில் வைத்தால், “சாப்பிட்டியா? நல்லா இருக்கியா? சரி, வைக்கிறேன்” என்பார். முப்பது வினாடி. அவருக்குத் தொலைபேசி என்றால் காசு ஓடுகிற பொருள், அந்தக் காலத்துப் பயம். அதே பெரியவருக்குப் பக்கத்தில் ஒருவர் போய் உட்கார்ந்து, கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக் கொடுத்து, ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் இருக்கட்டும். இரண்டாவது மணி நேரத்தில் அவர் தானாக, “எங்கப்பா போன அன்னிக்கு மழை” என்று ஆரம்பிப்பார். முதல் ஒரு மணி நேர மௌனத்துக்குக் கைப்பேசியில் இடமில்லையே, தம்பி! (கைதட்டல்)

தனியாகப் போவதன் அருமை இங்கேதான் தெரியும். குடும்பத்தோடு போனால் பிள்ளைக்குப் பசிக்கும், மருமகனுக்குப் பந்தாட்டம் பார்க்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர்களும் விருந்தாளிக் கூட்டத்துக்குக் கோழி அடிக்க ஓடுவார்களே தவிர உட்கார்ந்து பேச மாட்டார்கள். ஒற்றை ஆள் வந்தால் அடுப்படியிலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். வீட்டின் உண்மை நிலவரம் அடுப்படியில்தான் தெரியும். ஒரே ஓர் ஆபத்து. நாளுக்கு நான்கு வீடு போனால் நான்கு வீட்டிலும் சாப்பிட வேண்டும். “இனிப்பு நீர் இருக்குங்க” என்று சொன்னால், “எங்களுக்கும்தான் இருக்கு, சாப்பிடு” என்பார்கள். (சிரிப்பு)

அம்மையார் ஈப்போவுக்கு வந்துவிட்டார். வெள்ளைக் காப்பி, 1917இல் எழுந்த ரயில் நிலையம், சுண்ணாம்புக் குன்றுகள் என்று ஈப்போவின் பெருமையைச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடித்துக்கொள்வார்கள். அவர் போவது புந்தோங்குக்கு. தோட்டத்திலிருந்து வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் இறக்குதுறை அந்த இடம். கச்சாங் பூத்தே வறுக்கும் வாசனை தெருவுக்கு வரும். முறுக்கும் கடலையும் ஓமப்பொடியும் அங்கிருந்து நாடெல்லாம் போகின்றன. தைப்பூசத்தன்று அந்தப் பகுதியிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் புறப்படும். பல வருடம் பேச்சில்லாத அண்ணன் தம்பிகள் அன்றைக்குக் கூட்டத்தில் எதிரெதிரே மாட்டிக்கொள்வதும் உண்டு.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வாசற்படி ஏறினால் எல்லாக் கதவும் திறந்துவிடாது. சீட்டுப் பணத் தகராறில் முறித்துக்கொண்ட தம்பி, கார் வரும் சத்தம் கேட்டதும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். மறதி நோய் வந்த பெரியம்மா, வந்தவரைத் தன் செத்துப்போன தங்கை என்று நினைத்துக்கொண்டு அழலாம். அடுக்குமாடி வீட்டுக்கு ஐந்து மாடி ஏறிப் போனால், மூன்று வருடத்துக்கு முன்பே அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டு மலாய் அம்மா சொல்லலாம். இருபதில் நான்கு ஐந்து வாசல் இப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த அடைத்த கதவும் ஒரு செய்தி. தம்பி இன்னும் கோபமாக இருக்கிறார் என்றால், இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கைப்பேசியில் தடை செய்துவிட்டால் அதுகூடத் தெரியாது.

ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் வழியில் கெல்லி மாளிகை இருக்கிறது. நேயர்களில் பலர் போயிருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தின் முதலாளி. தன் குடும்பத்துக்கென்று பிரமாண்டமாகக் கட்ட ஆரம்பித்தார். மதராஸ் பக்கத்திலிருந்து கொத்தர்களை வரவழைத்தார். விஷக்காய்ச்சல் வந்து தொழிலாளர்கள் மடிந்தபோது, மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலின் மேல்தளத்தில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் ஒரு துரை நிற்பதை இன்றும் பார்க்கலாம். ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. குடியேறாத அந்த வீட்டுக்குத் தினமும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். சற்றுத் தள்ளியிருக்கும் கோயிலை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பேய் இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேட்கும் நம்மவர்கள், அந்தக் கோயிலைக் கேட்டு வாங்கியவர்கள் யார் என்று கேட்பதில்லை. பேச்சு கொஞ்சம் திசை மாறுகிறது என்று நடுவர் பார்க்கிறார். இதோ, சாலைக்கு வந்தாயிற்று.

சுங்கை சிப்புட். இந்தப் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 1948 ஜூன் 16ஆம் நாள் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் எல்ஃபில் தோட்டத்தில், இருவர் இன்னொரு தோட்டத்தில். அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. வரலாறு அந்த மூன்று பெயர்களோடு நின்றுவிடுகிறது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்ததும், வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலத்தைக்கூடத் திறந்து காட்ட வேண்டியிருந்ததும், இரவில் ஒரு பக்கம் காட்டுக்காரர்கள், பகலில் இன்னொரு பக்கம் பட்டாளம் என்று நடுவில் நின்ற மக்களின் பாடும் வீட்டுத் திண்ணைப் பேச்சில்தான் இருக்கின்றன.

அதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர்தான் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்த நேரத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டத்தை வாங்க வேண்டும் என்பது எண்ணம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. சம்பந்தன் ஓர் அமைச்சர். அலுவலகத்தில் உட்கார்ந்து சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம். ஆனால் தோட்டம் தோட்டமாகப் போனார். அன்றைக்கு நெடுஞ்சாலை இல்லை. செம்மண் பாதையில் போய், கோயில் திடலிலும் லயத்து வாசலிலும் உட்கார்ந்து பேசினார். அந்த அம்மாக்களிடம் ஒரு பங்குப் பத்திரத்துக்குக் காசு கேட்க வேண்டுமென்றால் முகம் பார்த்துத்தான் கேட்க முடியும். பால்வெட்டுக் காசில் மிச்சம் பிடித்ததை முகம் தெரியாத யாரிடமும் அவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள். எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இப்போது பேராக்கில் இன்னொரு விநோதம் உண்டு. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் இது, நாட்டிலேயே அதிகம். பல பள்ளிகளின் பெயரில் ‘தோட்டம்’ என்ற சொல் இருக்கும். சில பள்ளிகள் மாணவர் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு இடம் மாறிவிட்டன. தாமான் வீடுகளுக்கு நடுவில், எதிரே பல்பொருள் அங்காடி, வாசல் பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர். உள்ளே படிக்கும் பிள்ளை அந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. பாட்டி யாராவது ஒருநாள் கையைப் பிடித்து அழைத்துப்போய், “இதுதான் ஆயாக் கொட்டகை இருந்த இடம், இங்கதான் பெரட்டுக் களம்” என்று செம்பனைக்கு நடுவில் நின்று காட்டினால்தான் அந்தப் பலகைக்கு அர்த்தம் வரும்.

அடுத்து ஒரு முக்கியமான சேதி. சிரிக்கும் சேதி அல்ல. இந்தப் பயணங்களில் காகிதங்கள் வெளியே வருகின்றன. பெட்டிக்கு அடியில், மஞ்சள் துணியில் மடித்து வைத்த காகிதங்கள். எண்பது வயது சித்தி ஒருவர் இன்னமும் சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருக்கிறார் என்பது அவருடைய சொந்தப் பேரப்பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது. இந்த மண்ணிலேயே பிறந்தவராக இருப்பார். பிறந்ததற்குப் பத்திரம் இல்லை. தோட்டத்து மருத்துவச்சி பார்த்த பிரசவம், பதிவு செய்யப் பட்டணத்துக்குப் போக ஒரு நாள் கூலி போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். அந்த நிலையில் அவருக்குத் தேவை, ‘இவர் இன்ன தோட்டத்தில், இன்னாருக்குப் பிறந்தார், எனக்குத் தெரியும்’ என்று சொல்லக்கூடிய ஒரு மூத்தவர். அந்த மூத்தவர் எங்கே இருக்கிறார்? பீடோரில் பின்னறையில் படுத்திருக்கிறாரே, அவராகவே இருக்கலாம்! இருவருக்கும் இடையில் ஐம்பது அறுபது மைல். இருவரும் ஒருவரை ஒருவர் செத்துப்போனதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வாசலையும் மிதித்த ஓர் ஆள் இருந்தால் மட்டுமே அந்த முடிச்சு விழும். அந்தச் சித்தி குடியுரிமைக்கு மனு போடும்போது, கூடப் போக வேண்டியதும் ஓர் ஆள்தான். பதிவு இலாகாவின் முகப்பில் நின்று அவருக்காக மலாயில் பேச, கைப்பேசிக்குள் இருக்கும் உறவு உதவாது.

எதிரணிக்கும் ஓர் இடத்தில் நியாயம் உண்டு. அதை மறுப்பது அழகல்ல. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் எடுக்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். திரும்பினார்கள் என்று சொல்வதே தவறு. அவர்களில் பலர் அதற்கு முன் தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. அந்த ஆசிரியைக்கு ஆறு வயது இருக்கும்போது அவருடைய பெரியப்பா குடும்பமும் அப்படிப் போயிருக்கலாம். நீல அடையாள அட்டை இருந்த தம்பி இங்கே, சிவப்பு அட்டை இருந்த அண்ணன் அங்கே. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை அட்டையின் நிறம் பிரித்தது. பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த கப்பல்களும் ஒன்றொன்றாக நின்றன. எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்தது, அதோடு அந்தக் கடல்வழியே முடிந்தது. விமானச்சீட்டு வாங்க வசதியில்லாத அந்தப் பெரியப்பா பிள்ளைகளை மைவி காரில் போய்ப் பார்க்க முடியாது. அவர்களுக்குக் கைப்பேசிதான் வாசற்படி. நாற்பது வருடம் கழித்து வாட்ஸ்அப்பில் அண்ணன் முகத்தைப் பார்த்துத் தங்கை அழுத அழுகையைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. கடல் கடந்த உறவுக்குக் கைப்பேசி, சரி. கேள்வி என்னவென்றால், ஈப்போவில் இருக்கும் அண்ணனையும் கடல் கடந்தவர் மாதிரி ஏன் நடத்துகிறீர்கள்? (பலத்த கைதட்டல்)

தோட்டத்துக்கென்று வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம், ஆண்டுக்கு ஒருமுறை மண்டபம் எடுத்து ஒன்றுகூடல் நடத்துகிறோம் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். நல்ல காரியம், நடத்துங்கள். ஆனால் அந்தக் குழுவில் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புபவர்கள் யார்? ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். எண்பது வயதுக்காரர் அதில் இல்லை. மண்டபத்துக்கு வரக் கால் வலுவுள்ளவர்கள் வருகிறார்கள். மாடிப்படி இறங்க முடியாதவர் படம் பார்க்கிறார். அவரைப் பார்க்க வேண்டுமானால் யாராவது ஒருவர் மாடி ஏற வேண்டும். எல்லாரும் ஏறத் தேவையில்லை. குடும்பத்துக்கு ஒருவர் போதும். ஊர் உறவு இன்றைக்குக் கூடுவது எங்கே? சாவு வீட்டில். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். யாரைப் பார்க்க வந்தார்களோ அவரைத் தவிர எல்லாரையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். (அரங்கில் அமைதி)

பெண் தனியாகக் காரோட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் போகலாமா என்ற கேள்வியையும் எதிரணியினர் வீசினார்கள். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பும் காட்டுப்பன்றியும் உலவும் ரப்பர் காட்டுக்குள் கையில் உளியோடு தனியாக நிரை பிடித்து மரம் வெட்டியவர் அந்த ஆசிரியையின் தாய். காண்டா வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமும் நடந்தவர். அவர் மகள் குளிர்சாதனக் காரில், தார்ச் சாலையில், வேஸ் வழி சொல்ல, இடையிடையே நிறுத்திக் காப்பி குடித்துக்கொண்டு போவதற்கு இத்தனை பதற்றமா? எச்சரிக்கை வேண்டும், மறுக்கவில்லை. மாலை ஐந்துக்கு மேல் தோட்டத்துப் பாதையில் நுழைய வேண்டாம். செம்பனை லாரிக்கு வழி விட வேண்டும். எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்குமுன் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புறப்படும்போது மகனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அதற்குக் கைப்பேசி மிகவும் நல்ல பொருள். (சிரிப்பு)

நடுவர் மணியை அடித்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம் கேட்டு முடிக்க வேண்டியிருக்கிறது. செலவுக் கணக்கை மருமகள் எழுப்பினாரே, அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஜொகூரிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர். போக, வர, உள்ளே சுற்ற என்று ஒரு வாரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய காருக்கு மூன்று நான்கு தொட்டி எண்ணெய். தங்கும் செலவு கிடையாது, எந்த வீட்டிலும் விட மாட்டார்கள். சாப்பாட்டுச் செலவு கிடையாது, காரணம் ஏற்கெனவே சொல்லப்பட்டது. பிஸ்கட் டின் இருபது, ஆரஞ்சு இரண்டு பெட்டி. திரும்பி வரும்போது கார் காலியாக வராது. புந்தோங் கடலை ஒரு மூட்டை, தம்பூன் பம்ளிமாஸ் ஒரு டஜன், யாரோ ஒரு சித்தி கொல்லையில் பறித்த முருங்கைக்காய் ஒரு கட்டு, பெரியம்மா பிடிவாதமாகத் திணித்த ஒரு புட்டி மாங்காய் ஊறுகாய். மருமகள் அந்த ஊறுகாயைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கணக்கைச் சொல்லட்டும்.